வெளியே போகும் வாசல்



இன்று நான் நாய்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கொஞ்சம் பூனைகளைப் பற்றியும். பேசுவதற்கு நாட்டில் வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று சிலர் நினைக்கலாம். நினையுங்கள், தப்பில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் மாதத்திலிருந்து தேநீர்க்கடை பெஞ்சு முதல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஓயாமல் பேசப்படும் பொருள் இதுதான். ஆகஸ்ட் 11 அன்று இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்பத் தெருவில் விடாதீர்கள் என்றது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. நவம்பர் 7 அன்று இன்னோர் உத்தரவு: பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது, காப்பகத்துக்கு மாற்ற வேண்டும்.

மூன்று மாதத்தில் மூன்று உத்தரவு. எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த உத்தரவுகளைக் கேட்ட நம் மக்கள் பலர் ஒரே மூச்சில் சொன்னார்களே, "காப்பகம் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்று, அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

காப்பகம் கட்டிவிட்டால் தீர்ந்ததா? நூற்றைம்பது ஆண்டுகளாகக் காப்பகம் நடத்திப் பார்த்த ஒரு நாடு இருக்கிறது. பணத்துக்குக் குறைவில்லாத நாடு, நாயைப் படுக்கையில் ஏற்றிக்கொள்ளும் நாடு, அமெரிக்கா. அங்கே அந்தக் கட்டடங்களுக்குள்ளே என்ன நடந்தது? அதை நிறுத்த யார் யார் என்ன பாடுபட்டார்கள்? எவ்வளவு தூரம் நிறுத்தினார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

முதலில் நியூயார்க் நகரம். 1877-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஈஸ்ட் ரிவர் ஆற்றங்கரையில் ஓர் இரும்புக் கூண்டு. தெருவில் பிடித்துவந்த நாய்களை அதில் அடைத்தார்கள். பாரந்தூக்கியால் தூக்கி ஆற்றுக்குள் இறக்கினார்கள். சில நிமிடம் கழித்து மேலே இழுத்தார்கள். காலி செய்துவிட்டு அடுத்த கூட்டத்தை அடைத்தார்கள். ஒரே நாளில் எழுநூறு நாய்களுக்கு மேல். காலையில் தொடங்கிய வேலை, அலுவலக வேலை போல முடிந்தது.

அதே நகரத்தில் அப்போது ஹென்றி பெர்க் என்று ஒருவர் இருந்தார். 1866-ல் அமெரிக்காவின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். வண்டிக் குதிரையை அடிப்பவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். நகர நிர்வாகம் அவரிடம் வந்து, இந்த நாய்ப்பட்டியை உங்கள் சங்கமே நடத்தட்டுமே என்று கேட்டது. பெர்க் மறுத்துவிட்டார். 1888-ல் அவர் காலமானார். 1894-ல் அவருடைய சங்கம் அதே பட்டியை ஏற்றுக்கொண்டது! ஏற்றுக்கொண்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள், 1994 கடைசி வரைக்கும், அந்த வேலையைச் செய்தது. வதையைத் தடுக்கப் பிறந்த சங்கம், ஊருக்காகக் கொல்லும் சங்கமாக ஒரு நூற்றாண்டு இருந்தது.

கெட்ட எண்ணத்தாலா? இல்லை நண்பர்களே. நல்ல எண்ணத்தால்தான். ஆற்றில் மூழ்கடிப்பதைவிட வலியில்லாமல் கொல்வது மேல் அல்லவா? பிலடெல்பியா நகரத்தில் கரோலின் எர்ல் வைட் என்ற பெண்மணியும் அவருடைய தோழிகளும் 1869-ல் சங்கம் தொடங்கி, நாய்களுக்குத் தண்ணீரும் தீனியும் நிழலும் கொடுத்தது இந்த எண்ணத்தால்தான். தத்துக் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார்கள். முடியாததை நோகாமல் கொன்றார்கள். ஊர் ஊராக இதே ஏற்பாடு பரவியது. ஊர் பெருகியது, நாய் பெருகியது, பூனை பெருகியது. கொடுத்தவை கொஞ்சம், கொன்றவை மலையளவு.

எவ்வளவு? 1970-களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்பது பொதுவான மதிப்பீடு. இரண்டு கோடியைத் தொட்டது என்பாரும் உண்டு. இவற்றில் தெருவில் பிறந்து வளர்ந்தவை மட்டுமா இருந்தன? கழுத்துப்பட்டையோடு வந்தவை, பெயர் சொன்னால் வாலாட்டியவை, வீட்டுக்காரர் ஊர் மாறியதால் வந்தவை, குட்டி போட்டதால் வந்தவை, வயதானதால் வந்தவை எல்லாம் இருந்தன.

கொன்ற முறைகளை விரித்துச் சொல்லி உங்கள் மாலையைக் கெடுக்கப் போவதில்லை. ஒன்றிரண்டு மட்டும். காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்பு அறை ஒன்று பல நகரங்களில் இருந்தது. கார்பன் மோனாக்சைடு வாயு அறை இன்னும் பல நகரங்களில். 2003-ல் செயின்ட் லூயிஸ் நகரக் காப்பகத்தில் அந்த வாயு அறையைத் திறந்தபோது, செத்துக் கிடந்தவற்றின் நடுவே ஒரு நாய் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தது. மறுபடி கதவைச் சாத்தி வாயுவைத் திறக்க அங்கிருந்தவர்களுக்குக் கை வரவில்லை. அந்த ஊரில் நாய் மீட்பு அமைப்பு நடத்திய ராண்டி கிரிம் அதை எடுத்துக்கொண்டார். க்வென்டின் என்று பெயர் வைத்தார். கலிபோர்னியாவில் அப்போது மரண தண்டனைக் கைதிகள் இருந்த சிறையின் பெயரிலிருந்து எடுத்த பெயர். பிறகு அவரும் அந்த நாயும் ஊர் ஊராகப் போய், வாயு அறையை மூடுங்கள் என்று கேட்டார்கள்.

வாயு போய் ஊசி வந்தது. பென்டோபார்பிட்டால் என்ற மருந்து. நொடிகளில் மயக்கம், பிறகு மரணம். வலி குறைந்தது, உண்மை. எண்ணிக்கை குறைந்ததா? ஊசி போட்டவர்களின் மனம்? அர்னால்ட் ஆர்லூக் என்ற சமூகவியலாளர் காப்பக ஊழியர்களிடையே ஆய்வு செய்திருக்கிறார். நாய், பூனை மீது உயிரையே வைத்திருப்பவர்கள்தான் அந்த வேலைக்கு வருகிறார்கள். வந்து, தினமும் காலையில் தாங்களே உணவு வைத்ததை மாலையில் தாங்களே கொல்கிறார்கள். அந்த மனிதர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊர் கைகழுவிய வேலையை ஊருக்காகச் செய்தவர்கள் அவர்கள்.

சரி, கோளாறு எங்கே? நான் சொல்ல வந்த சங்கதி இதுதான். அந்தக் கட்டடங்களுக்கு உள்ளே வரும் வாசல் அகலமாக இருந்தது. வெளியே போகும் வாசல் இல்லவே இல்லை, அல்லது சாத்தியே இருந்தது. கடைசி நிறுத்தம் வரை யாருமே இறங்காத பேருந்தில் எத்தனை பேரை ஏற்ற முடியும்? ஐம்பது கூண்டு நிரம்பியது. ஐம்பத்தோராவது நாய் வாசலில் நிற்கிறது. என்ன செய்வீர்கள்? நூறு கூண்டு கட்டுவீர்கள். நூற்றோராவது நாய் வரும். அப்போது?

இந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர்கள் வந்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ரிச்சர்ட் அவான்சினோ. மருந்தியல் படித்தவர், சட்டமும் படித்தவர். 1976-ல் சான் பிரான்சிஸ்கோ விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அந்தச் சங்கம்தான் நகரத்தின் நாய்ப்பட்டியையும் ஒப்பந்தத்தில் நடத்திக்கொண்டிருந்தது. வந்ததும் காற்றை உறிஞ்சும் அந்த அறையை அகற்றினார். ஆனால் ஊசி தொடர்ந்தது.

அப்போதுதான் சிடோ வந்தது. சிடோ ஒரு நாய், பதினொரு வயது. அதன் எஜமானி 1979 டிசம்பரில் இறந்துபோனார். உயிலில் எழுதி வைத்திருந்தார்: நான் போன பிறகு என் சிடோவைக் கொன்றுவிடுங்கள். வெறுப்பால் எழுதியதல்ல, தன்னைப் போல யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயத்தால் எழுதியது. உயிலை நிறைவேற்ற வேண்டியவர் நாயைத் திருப்பிக் கேட்டார். அவான்சினோ கொடுக்க மறுத்தார். வழக்கு நீதிமன்றம் போனது. நகரமே அந்த வழக்கைப் பார்த்தது. நாய் ஒரு சொத்து என்றால் சொந்தக்காரி சொன்னபடிதானே செய்ய வேண்டும்? மேசையை எரித்துவிடு என்று ஒருவர் உயில் எழுதலாம். நாயைக் கொன்றுவிடு என்று எழுதலாமா?

1980 ஜூன் மாதம் நீதிமன்றம் சிடோவின் பக்கம் நின்றது. சிடோவைக் காப்பதற்கென்றே கலிபோர்னியா சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்ற, ஆளுநர் ஜெரி பிரவுன் அதில் கையெழுத்தும் இட்டார். சிடோ அவான்சினோவின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

நண்பர்களே, இங்கே நின்று ஒரு கணம் யோசியுங்கள். ஒரு சிடோவுக்காகச் சட்டமன்றம் கூடியது. அதே வாரம் அதே நகரத்தில் எத்தனை சிடோக்கள் ஊசி போடப்பட்டிருக்கும்? அவற்றுக்கு உயில் இல்லை, வழக்கு இல்லை, செய்தித்தாளில் படம் இல்லை. இந்தக் கேள்வி அவான்சினோவை விடவில்லை என்றுதான் அவர் பிறகு செய்த காரியங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

என்ன செய்தார்? நகரத்துக்காக நாய் பிடிக்கும் ஒப்பந்தத்தைக் கைவிடுகிறோம் என்று 1980-களில் அறிவித்தார். நகரம் தனக்கென்று ஒரு துறையை உண்டாக்கிக்கொண்டு 1989-ல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கொல்லும் வேலையிலிருந்து விடுபட்ட சங்கம், தன் ஆட்களையும் பணத்தையும் வெளியே போகும் வாசல் பக்கம் திருப்பியது. காப்பகத்துக்கு மக்கள் வருவதில்லையா? அப்படியானால் நாய்கள் மக்களிடம் போகட்டும்! வண்டியில் ஏற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார்கள். யூனியன் சதுக்கத்தில் உள்ள மேசிஸ் என்ற பெரிய அங்காடியில், கிறிஸ்துமஸ் காலத்து அலங்காரக் கண்ணாடிக்குப் பின்னால் பூனைக்குட்டிகளையும் நாய்க்குட்டிகளையும் வைத்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் பூனையோடு திரும்பினார்கள். கருத்தடையை மலிவாக்கினார்கள், தெருப்பூனைகளுக்கு இலவசமாக்கினார்கள். 1998-ல் கூண்டே இல்லாத தத்தெடுப்பு மையம் ஒன்றைத் திறந்தார்கள். நாய்க்கு ஒரு சிறு அறை, அறையில் ஒரு சோபா. கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் பாருங்கள், சிறைச்சாலை போல இருக்கும் இடத்துக்கு யார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

இதற்கெல்லாம் நடுவில், 1994 ஏப்ரல் மாதம், சங்கமும் நகரத் துறையும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நகரத் துறையின் காப்பகத்துக்கு வரும் ஆரோக்கியமான நாய், பூனை எதையும் அவர்களால் தத்துக் கொடுக்க முடியாவிட்டால், சங்கம் எடுத்துக்கொள்ளும். வீடு கிடைக்கும் வரை வைத்துக்கொள்ளும். கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்த நகரத்தில் ஆரோக்கியமான நாயும் பூனையும் இடமில்லை என்ற காரணத்துக்காகச் சாக வேண்டியதில்லை. ஒரு பெருநகரம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

உடனே பாராட்டினார்களா? அதுதான் இல்லை. அது பணக்கார ஊர், அங்கே நடக்கும், எங்கள் ஊரில் நடக்காது என்றார்கள். தனியார் சங்கம் வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும், மிச்சத்தை அடுத்த காப்பகம் கொல்லும் என்றார்கள். இந்த இரண்டாவது பேச்சில் நியாயம் இருந்தது. தாங்கள் கொல்வதில்லை என்று பலகை மாட்டிக்கொண்டு, வாசலில் வந்த நாயைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிய காப்பகங்கள் அமெரிக்காவில் நிறையவே உண்டு. கை சுத்தம், பலகை சுத்தம். நாய் செத்தது மட்டும் வேறு முகவரியில்.

அதற்குப் பதில் சொல்லக் கிளம்பியவர் நேதன் வினோகிராட். அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர், சான் பிரான்சிஸ்கோ சங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் டாம்ப்கின்ஸ் என்ற மாவட்டத்தின் காப்பகத்தை ஏற்றார். இத்தாகா என்ற சிறு நகரமும் சுற்றுவட்டாரக் கிராமங்களும்தான் அந்த மாவட்டம். பணக்காரப் பெருநகரம் அல்ல. யார் எதைக் கொண்டுவந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய காப்பகம். முதல் நாளே கொலையை நிறுத்தினார். படிப்படியாக நிறுத்துவோம், ஐந்தாண்டுத் திட்டம் போடுவோம் என்ற பேச்சே இல்லை. வழி தேடிக் கண்டுபிடித்த பிறகு ஊசியைக் கீழே வைப்பது அல்ல; ஊசியைக் கீழே வைத்தால்தான் வழி தேடுவோம் என்பது அவர் கட்சி. 2007-ல் இதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பெரிய பெரிய சங்கங்களை அதில் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய சண்டைக்கோழிக் குணம் எனக்கு எல்லா இடத்திலும் பிடிப்பதில்லை. ஆனால் அந்த மாவட்டத்தில் நடந்து காட்டியதை யாரும் மறுக்க முடியவில்லை.

வழி என்றால் என்ன வழி? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கேட்டால், இவ்வளவுதானா என்பீர்கள்.

காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது? காலை பத்து மணிக்கு. எத்தனை மணிக்கு மூடுகிறது? மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை? பூட்டு. வேலைக்குப் போகும் மனிதன் தொலைந்துபோன தன் நாயைத் தேடி எப்போது வருவான்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தத்தெடுக்க எப்போது வருவான்? அவன் வரக்கூடிய நேரமெல்லாம் கதவு பூட்டியிருந்தது. ஆனால் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கலிபோர்னியாவில் அந்தக் கெடு எழுபத்திரண்டு மணி நேரம். மூன்று நாளில் யாரும் வரவில்லையென்றால் கதை முடிந்தது.

1998-ல் டாம் ஹெய்டன் என்ற மாநிலச் செனட்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். காத்திருக்கும் கெடுவை ஆறு வேலை நாளாக உயர்த்தியது அந்தச் சட்டம். அதில் ஒரு சிறு சலுகை வைத்தார், அது எனக்கு மிகவும் பிடித்தது. வார நாள் ஒன்றில் மாலை ஏழு மணி வரை திறந்து வைத்தாலோ, வார இறுதியில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, கெடு நான்கு நாள் போதும். எவ்வளவு நுட்பம் பாருங்கள்! மாலையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைப்பதும் ஒரு நாயின் உயிருக்கு இரண்டு நாளும் சமம் என்று ஒரு சட்டம் கணக்குப் போட்டது.

அடுத்தது குட்டிகள். வசந்த காலம் வந்தால் அமெரிக்கக் காப்பகங்களுக்குப் பூனைக்குட்டிகள் பெட்டி பெட்டியாக வரும். கண் திறக்காத குட்டிகள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புட்டியில் பால் புகட்ட வேண்டும். காப்பகத்தில் இரவில் யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. அதனால் வந்த அன்றே ஊசி. நோய் இல்லை, காயம் இல்லை. இரவில் ஆள் இல்லை என்பதே மரணத்துக்குக் காரணம். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 'ஆஸ்டின் பெட்ஸ் அலைவ்' என்ற அமைப்பு இந்தக் குட்டிகளுக்கென்று புட்டிப்பால் அறை ஒன்றை உண்டாக்கியது. தொண்டர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். பார்வோ வைரஸ் கண்ட நாய்க்குட்டியைக் காப்பகங்கள் பார்த்தவுடனே கொல்வது வழக்கம். அந்த அமைப்பை நடத்திய கால்நடை மருத்துவர் எலன் ஜெபர்சன், ஒதுக்குப்புறமான அறையில் அவற்றுக்கு மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார். பெரும்பாலானவை பிழைத்தன. பிழைக்காது என்று நாம் முடிவுகட்டியிருந்தவற்றில் எத்தனை, பிழைக்க விடாததால் செத்தவை?

பிறகு தற்காலிக வீடுகள். ஒரு மாதம் வைத்துக்கொள்கிறேன், தத்தெடுக்க மாட்டேன் என்பவர்களுக்கு ஒரு நாய். இதனால் கூண்டும் காலியாகும், நாயின் குணமும் தெரியவரும். கூண்டுக்குள் குலைத்துத் தீர்த்தது, சோபாவுக்குக் கீழே படுத்துக் குறட்டை விடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உள்ளே வரும் வாசலையே குறுக்குவது. நாயைக் கொண்டுவந்து விடுகிறவரிடம், ஏன் விடுகிறீர்கள் என்று கேட்பது. வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார் என்று பதில் வரும். இந்தப் பதில் நம் ஊர் வாடகைக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். மருத்துவச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று வரும். தீனிக்குக் கொஞ்சம் உதவி, மலிவான சிகிச்சை, ஒரு வாரம் தங்க இடம் கொடுத்தால் அந்த நாய் காப்பகத்துக்கு வர வேண்டியதே இல்லை.

ஆஸ்டின் நகர சபை 2010 மார்ச்சில் இவற்றையெல்லாம் திட்டமாகவே நிறைவேற்றியது. காலிக் கூண்டு இருக்கும்போது இடமில்லை என்று கொல்லக்கூடாது என்பதும் அதில் இருந்தது. சிரிக்காதீர்கள். காலிக் கூண்டுகள் இருக்கும்போதே கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதால்தான் அதை எழுத்தில் போட வேண்டியிருந்தது. மறு ஆண்டே நூற்றுக்குத் தொண்ணூறு உயிர் பிழைக்கும் நிலை வந்தது.

இந்தத் தொண்ணூறு என்ற எண் எங்கிருந்து வந்தது? காப்பகத்துக்கு வருபவற்றில் சில, மருத்துவத்தால் மீட்க முடியாத வலியோடு வரும். சில, யார் கையிலும் கொடுக்க முடியாத அளவுக்குக் கடித்துக் குதறும். அவை நூற்றில் பத்துக்குள் இருக்கும் என்பது அனுபவக் கணக்கு. அவற்றுக்குக் கொடுக்கும் ஊசியைத்தான் உண்மையில் கருணைக்கொலை என்று சொல்லலாம். மற்ற தொண்ணூறுக்குக் கொடுத்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கடித்துக் குதறும் நாய் என்றேன். அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2007-ல் வர்ஜீனியா மாநிலத்தில் மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் பண்ணையில் நாய்ச்சண்டைக் கூடம் பிடிபட்டது. ஐம்பது பிட்புல் நாய்களுக்கு மேல். சண்டை நாய்களை என்ன செய்வது? அதுவரை வழக்கம் ஒன்றே: சாட்சியப் பொருளாக வைத்திருந்து, வழக்கு முடிந்ததும் மொத்தமாகக் கொல்வது. நாட்டின் பெரிய விலங்குநல அமைப்புகளே அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் இந்த முறை நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தது. சோதித்தவர்கள் என்ன கண்டார்கள்? மூர்க்கத்துக்காகக் கொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று! பயந்து தரையோடு ஒட்டிக்கிடந்தவைதான் அதிகம். இருபத்திரண்டு நாய்கள் யூட்டா மாநிலத்தில் கனாப் என்ற ஊரில் 'பெஸ்ட் ப்ரெண்ட்ஸ்' அமைப்பின் சரணாலயத்துக்குப் போயின. மற்றவை வேறு அமைப்புகளுக்கும் வீடுகளுக்கும் போயின. குழந்தைகளோடு வளர்ந்தவையும் அவற்றில் உண்டு. கூட்டமாகப் பார்த்தவரைக்கும் அவை ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அவை நாய்கள்.

இத்தனையின் விளைவு? பெர்க் நிறுவிய அந்தப் பழைய சங்கமே வெளியிடும் மதிப்பீடு: 2011 அளவில் ஆண்டுக்கு 26 லட்சம் நாய், பூனைகள் காப்பகங்களில் கொல்லப்பட்டன. 2019 அளவில் 9.2 லட்சம். 2024-ல் ஏறத்தாழ 6 லட்சம். ஒரு கோடியிலிருந்து ஆறு லட்சம்! மகிழ்ச்சிதான். ஆனால் ஆறு லட்சம் என்பதும் ஒரு பெரிய நகரத்து மக்கள்தொகை. 2025-க்குள் நாடு முழுவதும் முடித்துவிடுவோம் என்று பெஸ்ட் ப்ரெண்ட்ஸ் அமைப்பு இலக்கு வைத்திருந்தது, முடியவில்லை. ஆஸ்டினில் 2022-ல் நகரக் காப்பகம் பிதுங்கி, அவசரமானவற்றைத் தவிர மற்றவற்றை வாங்குவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் கருத்தடை அறுவைகள் தடைபட்டன, கால்நடை மருத்துவர்கள் போதவில்லை, வாடகை ஏறியது. வெளியே போகும் வாசலில் ஒரு வருடம் ஆள் குறைந்தால், உள்ளே உடனே நெரிசல். இந்த வேலை ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல.

இன்னொரு குறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணிக்கை மோகம். தொண்ணூறைத் தொட வேண்டும் என்பதற்காக நாயை ஆண்டுக்கணக்கில் கூண்டிலேயே வைத்திருப்பதும், விசாரிக்காமல் யாரிடமோ தள்ளிவிடுவதும், ஐம்பது நாய்களை ஒரு வீட்டில் குவித்து வைத்துக்கொண்டு மீட்பர் என்று பெயர் வாங்குபவர்களிடம் ஒப்படைப்பதும் நடந்திருக்கின்றன. உயிரோடு வெளியே போனால் போதும் என்பதல்ல. எங்கே போகிறது என்பதும் கேள்வி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் நம் சென்னைக்கும் இந்தக் கதை உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் கார்ப்பரேஷன் நாய்வண்டி நினைவிருக்கும். வண்டி தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் நாயை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். பிடிபட்டவை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. நூறு ஆண்டுக்கு மேல் கொன்றார்கள். நாய் குறைந்ததா? 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு நூறு நாய்களுக்கு மேல் கொன்றுகொண்டிருந்தார்கள். கொல்லக் கொல்லக் குறைந்திருந்தால், நூறு ஆண்டு கழித்து நாளொன்றுக்கு நூறு எங்கிருந்து வந்தது?

விமானியான கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் குடும்பமாகச் சேர்ந்து 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையைத் தொடங்கிவிட்டது. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா ஒரு பொறியாளர். மாநகராட்சியின் கொலைக்கணக்கை வைத்தே, இந்த முறை பயன்படவில்லை என்று அதிகாரிகளிடம் ஆண்டுக்கணக்காக வாதாடினார். முப்பது ஆண்டு ஆயிற்று மாநகராட்சி கேட்பதற்கு. 1996-ல் சென்னை கொலையை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2001-ல் நாடு முழுமைக்கும் அதுவே விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. காதில் ஒரு சிறு வெட்டுள்ள நாயை உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளம். அமெரிக்காவில் தெருப்பூனைகளுக்கும் காது நுனியை வெட்டித்தான் அடையாளம் வைக்கிறார்கள்.

நாய்க்கடியை நான் லேசாகப் பேசவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது என்பதும், கடிபடுவோரில் குழந்தைகள் அதிகம் என்பதும், கருத்தடைத் திட்டத்தைப் பல ஊர்களில் காகிதத்தில் மட்டுமே நடத்தினார்கள் என்பதும் உண்மை. கோபப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் காப்பகம் கட்டுங்கள் என்று கேட்கும்போது, அமெரிக்காவின் நூற்றைம்பது ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அங்கே தத்தெடுக்கக் கோடிக்கணக்கான வீடுகள் இருந்தன. இருந்தும் கூண்டு நிரம்பியது. நம் தெருநாயை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ள எத்தனை வீடு இருக்கிறது? வெளியே போகும் வாசலே இல்லாத ஒரு கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடைத்தால், இரண்டாவது மாதம் அங்கே என்ன நடக்கும்? பார்வோவும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும் பரவும். ஒன்றையொன்று கடித்துக்கொள்வது நடக்கும். பிறகு ஒருநாள், இடமில்லை என்று ஒரு கோப்பு எழுதப்படும்.

ஆகவே உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ நாய்க் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, கைதட்டுவதற்கு முன்னால் சில கேள்விகள் கேளுங்கள். கருத்தடை அறுவைக்கு எத்தனை மருத்துவர்? நாளொன்றுக்கு எத்தனை அறுவை? பிடித்த தெருவைப் பதிவேட்டில் எழுதுகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்குமா? தத்தெடுக்க வருபவரிடம் பேச ஓர் ஆளை நியமித்திருக்கிறார்களா? இறந்துபோகும் நாய்களின் கணக்கை மாதாமாதம் வெளியிடுவார்களா? கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, கட்டடம் திறந்த பிறகு மூன்றாம் ஆண்டுத் தீனிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?

என் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவையில் நாய்க்கடி பட்டவர்களோ, கடிபட்ட பிள்ளையின் பெற்றோரோ இருந்தால், முதல் கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.